கோலி சோடா பாட்டில் சேகரிப்பும் சோடா சுவை மதிப்பீடும்

கோலி சோடா பாட்டில் சேகரிப்பு என்பது, கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த சோடா பாட்டில்களையும், உள்ளூர்க் குளிர்பானக் கம்பெனிகளின் பாட்டில், மூடி, லேபிள் ஆகியவற்றையும் தேடிச் சேர்த்து, அவற்றின் விவரங்களைக் குறித்து வைக்கும் பொழுதுபோக்கு ஆகும். பல ஊர்ச் சோடாக்களைக் குடித்துப் பார்த்து, ஒரே அளவுகோலில் மதிப்பெண் இட்டுப் பதிவு செய்வது இதன் மறுபாதி. மேலைநாடுகளில் பீர் பாட்டில்களைக் கொண்டு வளர்ந்த பொழுதுபோக்கின் முறைகளை, தமிழ்நாட்டின் சோடாவுக்கும் கலருக்கும் பொருத்திச் செய்யலாம்.

சோடா கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒரு வீட்டின் முன்னறையிலோ, சிறு கொட்டகையிலோ நடந்த குடும்பத் தொழில்கள். அவை மூடப்பட்டால் ஊருக்குள் எஞ்சுவது சில பாட்டில்கள் மட்டுமே. அவையும் பழைய இரும்புக் கடை வழியாக உலைக்குப் போய்விட்டால், அப்படியொரு தொழில் அந்த ஊரில் இருந்ததற்குச் சான்று இல்லாமல் போகும். எனவே இந்தப் பொழுதுபோக்கில் பாட்டிலைவிட அதைப் பற்றிய குறிப்பே முதன்மையானது.

பீரிலிருந்து வந்த முறை

பீர் சுவைத்தலை ஒழுங்கான பொழுதுபோக்காக மாற்றியவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) என்ற ஆங்கில எழுத்தாளர். பாடகர் மைக்கேல் ஜாக்சன் வேறு, இவர் வேறு. 1977இல் வெளிவந்த இவரது உலகப் பீர் வழிகாட்டி நூல், பீர்களை நாடு வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்துக் காட்டியது. அதன்பின் ஒவ்வொரு வகையையும் அதன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடும் பழக்கம் பரவியது. 2000இல் தொடங்கப்பட்ட ரேட்பீர் என்ற தளத்தில் தோற்றம் 5, மணம் 10, சுவை 10, வாயுணர்வு 5, மொத்த மதிப்பு 20 என 50 மதிப்பெண் கொண்ட முறை பின்பற்றப்பட்டது. பாட்டில், லேபிள், மூடி, கோப்பையின் கீழ் வைக்கும் அட்டை எனத் தனித்தனியாகச் சேகரிப்போரும் உண்டு.

இந்தியாவிலும் பீர் வடிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இமயமலையில் உள்ள கசௌலியில் 1850களில் வடிசாலை தொடங்கப்பட்டது. நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆங்கிலேயப் படையினருக்காக வடிசாலைகள் இயங்கின. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்திய வடிசாலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். எனினும் தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். மாணவர்கள் பீர் பொழுதுபோக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறையை மட்டுமே. அந்த முறை சோடாவுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சோடாவின் தோற்றம்

சோடாவும் பீர் வடிசாலை ஒன்றின் அருகில்தான் பிறந்தது. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு வடிசாலைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். பீர் நுரைக்கும் தொட்டிகளின் மேல் கனமான வாயு ஒன்று தேங்கி நிற்பதைக் கண்டார். அந்த வாயுவில் தண்ணீரை வைத்தபோது அதற்கு இதமான சுறுசுறுப்புச் சுவை வந்தது. அந்த வாயுவே கார்பன் டை ஆக்சைடு. தண்ணீரில் அதைக் கலக்கும் முறையை 1772இல் அவர் நூலாக வெளியிட்டார். ஜெனீவாவில் இருந்த யாக்கோப் ஷ்வெப்பே 1783இல் இதை வணிகமாக்கினார்.

தொடக்க காலத்தில் இந்த நீரில் சோடியம் உப்பும் சேர்க்கப்பட்டது. அதனால் சோடா நீர் என்ற பெயர் வந்தது. இன்று உப்புச் சேர்க்காமல் வாயுவை மட்டும் கரைத்த நீரையும் சோடா என்றே அழைக்கிறோம்.

கோலி வந்த காரணம்

சோடாவை அடைத்து வைப்பது எளிதாக இருக்கவில்லை. தக்கையால் மூடினால், தக்கை உலர்ந்து சுருங்கியதும் வாயு கசிந்துவிடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும் என்பதற்காக, நிமிர்த்தி வைக்கவே முடியாதபடி அடிப்பகுதி உருண்டையான பாட்டில்களைச் செய்து, படுக்க வைத்து விற்றனர்.

லண்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹிராம் காட் (1838–1887) இதற்கு வேறு வழி கண்டார். வெளியிலிருந்து அடைப்பதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் வாயுவே பாட்டிலை அடைக்கும்படி செய்தார். 1870களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் கோலி சோடா பாட்டில் என்று நாம் அழைப்பது இதைத்தான். வட இந்தியாவில் இதன் பெயர் பண்டா. பஞ்சாபி மொழியில் பண்டா என்றாலும் கோலி என்றே பொருள்.

1892இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர், விளிம்பு மடிந்த தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பீர் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் காணும் மூடி அதுவே. அது மலிவானது. இயந்திரத்தால் விரைவாகப் பொருத்தக்கூடியது. அதனால் மேலைநாடுகளில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. ஜப்பானில் ராமுனே என்ற பானத்திலும், இந்தியாவில் சோடாவிலும் அது நிலைத்தது.

பாட்டிலின் அமைப்பு

கோலி பாட்டிலைக் கையில் எடுத்தவுடன் தெரிவது அதன் எடை. அழுத்தத்தைத் தாங்கவும், பல நூறு முறை திரும்பத் திரும்ப நிரப்பவும் வேண்டியிருப்பதால் கண்ணாடி மிகத் தடிமனாக இருக்கும். தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்தவரைச் சோடாபுட்டி என்று கேலி செய்யும் வழக்கு இந்தத் தடிமனிலிருந்தே வந்தது.

பாட்டிலின் பகுதிகள் வருமாறு:

1. வாய். இதன் உட்புறத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் ரப்பர் வாஷர் பொருத்தப்பட்டிருக்கும்.

2. கோலி. வாயைவிடச் சற்றுப் பெரியது. பாட்டில் செய்யும்போதே உள்ளே இடப்பட்டு, அதன்பின் வாய்ப்பகுதி சுருக்கப்படுவதால் வெளியே வராது.

3. கோலி அறை. கழுத்தின் கீழே இடுப்புப் போல் ஒடுங்கியிருக்கும் பகுதி, கோலி அடியில் விழாமல் தடுக்கிறது.

4. கன்னக்குழிகள். கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு குழிகள் உள்நோக்கி அமுங்கியிருக்கும். அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால் கோலி குழிகளில் தங்கிவிடும். மறுபக்கம் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும். முதன்முறை குடிப்பவர் திணறுவது இதனால்தான்.

நிரப்புவதற்கு, தண்ணீரோ இனிப்புப் பாகு கலந்த நீரோ ஊற்றிய பாட்டிலை இயந்திரத்தின் கூண்டில் வைத்து, உருளையிலிருந்து வாயுவைச் செலுத்துவர். வாயு நீரில் நன்கு கரைவதற்காகக் கைப்பிடியால் கூண்டைச் சுழற்றுவர். பாட்டில் தலைகீழாக வரும்போது கோலி வாய்க்கு வந்து விழும். உள்ளிருக்கும் வாயு அதை வாஷரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் பாட்டிலை நிமிர்த்தினாலும் கோலி இறங்காது. கடைக்காரர் விரலாலோ, சிறு மர அழுத்துக்கட்டையாலோ கோலியைத் தள்ளும்போது எழும் ஒலி, உள்ளே அடைபட்ட வாயு ஒரே கணத்தில் வெளியேறுவதால் உண்டாவது.

தமிழ்நாட்டில் சோடாவும் கலரும்

தமிழ்நாட்டில் இனிப்பில்லாததைச் சோடா என்றும், நிறமும் இனிப்பும் சேர்த்ததைக் கலர் என்றும் சொல்வது வழக்கம். பன்னீர், ஆரஞ்சு, திராட்சை, இஞ்சி, எலுமிச்சை, நன்னாரி என்பன பரவலான சுவைகள். கொங்கு நாட்டில் ஒறம்பரை வந்தால் கடைக்கு ஆளனுப்பிக் கலர் வாங்கி வரச் சொல்வது மரியாதையின் அடையாளமாக இருந்தது. செரிமானக் கோளாறுக்கு உப்பும் எலுமிச்சையும் சேர்த்துச் சோடா குடிப்பதும் உண்டு. மேடைப் பேச்சாளருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதும், கூட்டத்தில் கலவரம் என்றால் சோடா பாட்டில் பறப்பதும் தமிழக அரசியல் கூட்டங்களின் பழைய காட்சிகள். 2014இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று கோலி சோடா என்ற பெயரையே தாங்கியது.

உள்ளூர்க் கம்பெனிகளில் பெரிதாக வளர்ந்தது காளிமார்க். விருதுநகரில் 1916இல் பி. வி. எஸ். கே. பழனியப்ப நாடார் இதைத் தொடங்கினார். இதன் புகழ்பெற்ற பானமான பொவண்டோ இன்றும் விற்பனையில் உள்ளது. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியபோது உள்ளூர்க் கம்பெனிகளுக்கு இடம் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் பெப்சி வந்ததும், 1993இல் கோகோ கோலா திரும்பி வந்ததும் நிலைமை மாறியது. அதே ஆண்டில் பார்லே நிறுவனம் தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட், லிம்கா உள்ளிட்ட தன் பானங்களைக் கோகோ கோலாவுக்கு விற்றது. 2017 சனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, தமிழ்நாட்டின் வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோகோ கோலா விற்பதில்லை என அறிவித்தன. அப்போது உள்ளூர்ப் பானங்களைத் தேடிக் குடிக்கும் பழக்கம் மீண்டும் தலைதூக்கியது.

திருப்பூர்ப் பகுதியும் தண்ணீரும்

சோடாவில் மிகப் பெரும்பகுதி தண்ணீரே. எனவே ஒரு ஊரின் தண்ணீர் எப்படியோ, அந்த ஊர்ச் சோடாவும் அப்படியே. இதைத் திருப்பூரை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் பிடிப்பதற்காக உப்பு பெருமளவில் சேர்க்கப்படுகிறது. அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்ததால் ஆறும் நிலத்தடி நீரும் உப்பேறின. நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யும் முறைக்கு அதன்பின் பட்டறைகள் மாற வேண்டியதாயிற்று.

உப்பு மிகுந்த நீரில் சோடா போட்டால் வாயுவின் கூர்மைக்குப் பின்னால் ஒரு கரிப்பு நாக்கில் தங்கும். பன்னீர் போன்ற மெல்லிய மணங்கள் அதில் அமுங்கிவிடும். எலுமிச்சை சோடாவில் உப்பு ஏற்கனவே சேர்வதால் இந்தக் குறை தெரியாது. ஆகவே ஒரு சோடா கம்பெனியின் தண்ணீரை அறிய விரும்புபவர், அதன் வெறும் சோடாவைத்தான் முதலில் சுவைக்க வேண்டும். இன்று சுத்திகரிப்புக் கருவி வழியாக வரும் நீரைப் பயன்படுத்துவதால் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு குறைந்துவருகிறது. பழைய சுவை பற்றி முதியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால்தான் உண்டு.

மதிப்பிடும் பழக்கமும் இந்த ஊருக்குப் புதிதன்று. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவர் ஒவ்வொரு பீஸையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே வரிசையில் பார்த்து, ஓட்டை, கறை, தையல் பிசகு எனக் குறையைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார். நன்றாக இல்லை என்று பொதுவாகச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. சோடா மதிப்பீட்டுக்கும் அந்த ஒழுங்கே தேவை.

பாட்டிலின் காலத்தைக் கண்டறிதல்

சோடா பாட்டிலில் ஆண்டு பொறிக்கப்படுவது அரிது. ஆனால் அதில் உள்ள எழுத்துகளையும் லேபிளையும் கூர்ந்து பார்த்தால் ஏறத்தாழக் காலத்தைச் சொல்லிவிடலாம்.

எழுத்து வடிவம்: தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்பு வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழி வடிவமும் அதன்பின் வழக்கொழிந்தன. உடுமலை, சென்னை, நெல்லை போன்ற பெயர்கள் பழைய கொம்போடு இருந்தால் அந்த அச்சு பெரும்பாலும் 1978க்கு முந்தையது, அல்லது அதற்குச் சில ஆண்டுகளுக்குள் வந்தது. கோவை, மதுரை என்ற பெயர்களில் இந்தச் சோதனை பலிக்காது. வை, ரை ஆகியவை மாறவில்லை. பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தியதால், புதிய எழுத்து இருப்பதை மட்டும் வைத்து 1978க்குப் பிந்தையது என முடிவு செய்யக் கூடாது.

மாவட்டப் பெயர்: தாராபுரத்துக் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகவரியில் கோவை மாவட்டம் என்றிருந்தால் அது 1979க்கு முந்தையது. பெரியார் மாவட்டம் என்றிருந்தால் 1979க்கும் 1990களின் பிற்பகுதிக்கும் இடைப்பட்டது. ஈரோடு மாவட்டம் என்றிருந்தால் அதன்பின் 2009 வரை. திருப்பூர் மாவட்டம் என்றிருந்தால் 2009க்குப் பிந்தையது. ஒரே ஊர், ஒரே கடை, நான்கு மாவட்டப் பெயர்கள்.

அஞ்சல் குறியீட்டு எண்: ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

அளவும் விலையும்: அணாவில் விலை இருந்தால் 1957க்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். ரூபாய்க்கான தற்போதைய குறியீடு 2010இல் ஏற்கப்பட்டது.

உரிம எண்: இனிப்புச் சேர்த்த பானங்களில் முன்பு 1955ஆம் ஆண்டின் பழப் பொருள் ஆணைப்படி உரிம முத்திரை இருந்தது. இப்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017க்குப் பிந்தையது.

இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பழைய லேபிள் கட்டு தீரும்வரை கம்பெனிகள் அதையே ஒட்டுவது வழக்கம். பாட்டிலோ லேபிளைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம்.

சேகரிக்கும் முறை

கோலி பாட்டில் பொதுவாகக் கம்பெனியின் சொத்து. கடைக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டே கொடுத்தனுப்புவார். குடித்துவிட்டுப் பாட்டிலை எடுத்துச் செல்வது திருட்டுக்குச் சமம். உரிமையாளரிடம் நோக்கத்தைச் சொல்லிக் கேட்டால், விளிம்பு உடைந்ததையோ பயன்படாததையோ அவரே எடுத்துத் தருவார். பழைய இரும்புக் கடை, மூடப்பட்ட பெட்டிக்கடை, வீட்டுப் பரண் ஆகியவை தேடத் தக்க மற்ற இடங்கள்.

கோலிக்காகப் பாட்டிலை உடைப்பது உலகெங்கும் சிறுவர்களின் பழக்கமாக இருந்தது. உடையாத பழைய பாட்டில்கள் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிக் கோலி பாட்டில் தேடுவோர் இருக்கின்றனர். அடர்நீலக் கண்ணாடியில் செய்த பாட்டிலுக்கு அங்கே பெருவிலை உண்டு.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். அதில் இடம்பெற வேண்டியவை: வரிசை எண், கிடைத்த இடம், நாள், கொடுத்தவர் சொன்ன விவரம், பொறித்த எழுத்துகள் எழுத்துப் பிழை உட்பட அப்படியே, உயரம், கொள்ளளவு, எடை, கண்ணாடியின் நிறம், கோலி, வாஷர் ஆகியவற்றின் நிலை. பொறித்த எழுத்து மங்கியிருந்தால் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாம்.

கம்பெனி நடத்தியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்க வேண்டியவை சில. எந்த ஆண்டு தொடங்கியது? இயந்திரமும் பாட்டிலும் எங்கிருந்து வந்தன? தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர்? எந்த மாதத்தில் விற்பனை அதிகம்? சைக்கிளில் எந்த ஊர்வரை கொண்டுபோனார்கள்? எப்போது, ஏன் நிறுத்தினார்கள்? அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை ஆகிய ஊர்களில் பள்ளி மாணவர்கள் ஆளுக்கு ஒரு கம்பெனி என எடுத்துக்கொண்டு இதைச் செய்தால், அது மாவட்டத்தின் தொழில் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

பாட்டிலைக் கழுவ, வெதுவெதுப்பான நீரில் சிறிது சலவை சோடா கலந்து ஓர் இரவு ஊறவைத்தால் போதும். கோலி தடுப்பதால் உள்ளே பிரஷ் போகாது. ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணீரும் இட்டுக் குலுக்கினால் உள் அழுக்கு இறங்கும். அமிலம் பயன்படுத்தக் கூடாது.

சுவை மதிப்பீடு

பீருக்கான 50 மதிப்பெண் முறையைச் சோடாவுக்குப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

தோற்றம் (5): நீரின் தெளிவு, நிறம், குமிழியின் அளவு. சிறு குமிழிகள் நெடுநேரம் எழுந்தால் வாயு நன்கு கரைந்திருக்கிறது எனலாம்.

மணம் (10): ஊற்றியவுடன் முகர வேண்டும். பன்னீர் சோடாவில் ரோஜா மணம் இயல்பாக இருக்கிறதா, சோப்பை நினைவூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் வாடை இருந்தால் வாஷர் பழையது.

சுவை (10): இனிப்பு, புளிப்பு, கரிப்பு ஆகியவற்றின் அளவும், விழுங்கியபின் எது எஞ்சுகிறது என்பதும்.

வாயுணர்வு (5): நாக்கில் குத்தும் கூர்மை. இது குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதன்று. கார்பன் டை ஆக்சைடை நாக்கின் புளிப்புச் சுவையுணர் செல்களில் உள்ள ஒரு நொதி அமிலமாக மாற்றுவதால் அந்த வாயுவின் சுவை உணரப்படுகிறது என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

மொத்த மதிப்பு (20): அந்த வகைக்கு இது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பது. இஞ்சி கலரில் காரம் வேண்டும். பன்னீர் சோடாவில் காரம் குறை.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே குளிர்ச்சியில், ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளரில், ஒரே அளவில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் தங்கும். ஆதலால் ஒன்றைக் குளிராகவும் மற்றதை வெதுவெதுப்பாகவும் சுவைத்தால் ஒப்பீடு பயனற்றது. பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்பதால், வேறொருவர் ஊற்றி டம்ளரின் அடியில் எண் ஒட்டித் தர வேண்டும். இடையிடையே வெறும் நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒருவேளையில் நான்குக்கு மேல் வேண்டாம். நண்பர்கள் தனித்தனியே மதிப்பெண் எழுதிய பின்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் 0.1 கிராம் துல்லியமுள்ள தராசு இருந்தால் வாயுவின் அளவையும் கணக்கிடலாம். அப்போதுதான் திறந்த 200 மில்லி சோடாவைப் பாத்திரத்தோடு எடைபோட்டு, குமிழி அடங்கும்வரை சிந்தாமல் கலக்கி மீண்டும் எடைபோட வேண்டும். குறைந்த எடையே வெளியேறிய வாயு. நல்ல சோடாவில் இது ஒரு கிராமை ஒட்டி இருக்கும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

கலரில் சர்க்கரை 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் இருப்பது வழக்கம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது வயது வந்தோருக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. எனவே சுவை மதிப்பீட்டில் ஒவ்வொன்றிலும் 30 மில்லி போதும். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் சோடாவோடு நின்றுகொள்ளலாம்.

நிரம்பிய கோலி பாட்டிலை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. சூடு ஏறினால் உள்ளழுத்தம் கூடும். கீறல் விழுந்த தடித்த கண்ணாடி வெடித்தால் காயம் கடுமையாக இருக்கும். பழைய நிரம்பிய பாட்டில் கிடைத்தால் ஈரத் துணியால் சுற்றி, முகத்தை விலக்கி, பெரியவர் ஒருவரே திறக்க வேண்டும். வாயு உருளையைக் கொண்டு வீட்டில் பாட்டில் நிரப்பும் முயற்சி வேண்டவே வேண்டாம்.

இன்றைய நிலை

கோலி பாட்டில் செய்யும் கண்ணாடி ஆலைகள் இந்தியாவில் மிகக் குறைவு. உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் உள்ள ஆலை இவற்றுள் நன்கு அறியப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்தபின், கழுவி நிரப்பும் கண்ணாடி பாட்டிலுக்கு ஆள் கூலியும் போக்குவரத்தும் கட்டுபடியாவதில்லை.

வரியும் ஒரு காரணம். 2017 சூலை 1 முதல் இனிப்பும் மணமும் சேர்த்த வாயுப் பானங்களுக்கு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் 12 விழுக்காடு கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 விழுக்காட்டு ஒரே வரியாக மாறியது. பன்னாட்டு நிறுவனத்துக்கும் ஊர்க் கலர் கம்பெனிக்கும் விகிதம் ஒன்றே. சிறு தொழில்களுக்கான எளிய வரித் திட்டத்திலிருந்தும் 2019இல் இந்தப் பானங்கள் நீக்கப்பட்டன.

மறுபுறம் புதிய வரவேற்பும் தெரிகிறது. உணவகங்களில் பழைய நினைவுக்காகக் கோலி சோடா வைக்கப்படுகிறது. இந்தியக் கோலி சோடா அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாவதாக 2025 மார்ச்சில் மத்திய வணிக அமைச்சகம் அறிவித்தது. ஆனால் ஏற்றுமதியாகும் பாட்டிலில் பொறிக்கப்படுவது ஒரு வணிகப் பெயர். முன்பு பாட்டிலில் இருந்தவை ஊர்ப் பெயரும் தெருப் பெயரும். இவற்றைப் பொறித்த பாட்டில்கள் இன்னும் சில வீடுகளிலும் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடிய முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் ஓர் அட்டை, அந்தப் பாட்டிலைவிட நீண்ட காலம் பயன்படும்.